மூன்றாம் படம் எடுக்காமல் ஆளை இறக்காதீர்கள்

தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் கிளம்பினால் எங்கள் ஸ்கேன் அறைக்கும் வேலை வந்துவிடும். வின்ச் கம்பி அடித்தவர், தளத்தில் வழுக்கி விலாவில் மோதியவர், பாம்பன் சாலையில் பைக்கோடு சாய்ந்தவர். போன வாரம் அப்படி ஒருவரை சிடி மேசையில் படுக்க வைத்து, ரத்தக்குழாயைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் மருந்தை ஏற்றி, ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டு, "சார், முடிஞ்சிருச்சு. ஆள இறக்கிரவா?" என்றார் புதிதாகச் சேர்ந்த தம்பி. 12 வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், நான் யாரையும் கேட்காமலே இறக்கிவிட்டேன்.

பெல்ட் கொக்கியைக் கழற்றுவது, பெயர் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, சிறுநீரக, ஆணுறுப்புக் காயங்களில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே கட்டத்தோடு முடித்துக்கொள்வது

அன்று நான் இறக்கிவிட்டவர் தொண்டிப் பக்கத்து மீனவர். ஐஸ் பெட்டியின் முனையில் இடது விலா மோதியிருந்தது. மருந்து ஏற்றி 70ஆவது நொடியில் எடுத்த ஒரே படத்தில் சிறுநீரகத்தில் சின்னக் கிழிசல், சுற்றிலும் மெல்லிய ரத்தக்கட்டு. அதை எழுதி, "வேறொன்றும் இல்லை" என்று முடித்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். பதினோராம் நாள் விடிகாலையில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அவர் மனைவி கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு, மேலே ஈரத்துணி. உள்ளே கட்டி கட்டியாக ரத்தம். "நீங்கதான சார் ஒண்ணுமில்லன்னு எழுதுனீங்க?" என்றார்.

நான் தவறவிட்டது சூடோ அனீரிசம். தமனியின் சுவர் கிழிந்து, வெளியே வரும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு மட்டும் ஒரு பை போலத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பை எப்போது வேண்டுமானாலும் உடையலாம். மருந்து ஏற்றிய 25 முதல் 35 நொடிக்குள் எடுத்தால் பெருந்தமனி அளவுக்கே வெளுப்பாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். 70, 80 நொடி ஆகிவிட்டால் சிறுநீரகமே மருந்தைக் குடித்து வெளுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவரில் அரிசிமாவுப் பொட்டைத் தேடுகிற கதைதான்.

சரி, 25-35 நொடியில் தமனிக் கட்டம், 70-80 நொடியில் அடுத்த கட்டம், இரண்டையும் எடுத்தாயிற்று, போதுமா? போதாது. 5 முதல் 15 நிமிடம் பொறுத்து மூன்றாவது ஒன்று வேண்டும். முன்பு கண்ட வெள்ளைப் புள்ளி பெருந்தமனியோடு சேர்ந்து மங்கியிருந்தால் சூடோ அனீரிசம் அல்லது தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்ட ஃபிஸ்டுலா. அது பெரிதாகிப் பரவியிருந்தால் ரத்தம் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு படத்திலும் இல்லாத வெள்ளை புதிதாகச் சிறுநீரகத்துக்கு வெளியே தேங்கியிருந்தால் அது சிறுநீர்க் கசிவு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பிறகு 2018இல் ஏஏஎஸ்டி (விபத்துக் காய அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம்) திருத்திய காயத் தர வரிசையிலும், கிழிசல் எவ்வளவு சிறியதானாலும் ரத்தக்குழாய்க் காயம் தெரிந்தால் குறைந்தது மூன்றாம் தரம் என்றே வைத்தார்கள். நான் எழுதிய அறிக்கையைப் படித்தவர்கள் அதை இரண்டாம் தரமாக நினைத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ரத்தம் ஏற்றிக்கொண்டே போனார்கள். அங்கே தொடை வழியாகக் குழாய் விட்டு, 'காயில்' எனும் சுருள் கம்பி வைத்து அடைத்தார்கள். ஆளும் பிழைத்தார், சிறுநீரகமும் பிழைத்தது. நான்தான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்றைக்கும் எரிச்சல் வருவது, இதற்குச் சொல்லப்படும் சாக்குகளைக் கேட்கும்போது. "கதிர்வீச்சு கூடுமே சார்." குழந்தைக்கும், மறுபடி மறுபடி எடுக்கும் படத்துக்கும் அந்தக் கவலை நியாயம். அடிபட்டு வந்த பெரிய ஆளின் முதல் ஸ்கேனில் அதைச் சொல்லாதீர்கள். "வெளியில கூட்டமா இருக்கு." இருக்கட்டும்.

புறங்கையில் நீல வென்ஃப்ளான்

நரம்பில் குத்தும் அந்த மெல்லிய ஊசிக் குழாய் வழியே மருந்தை வேகமாகத் தள்ள முடியாது, தமனிக் கட்டம் சொதப்பிவிடும். முழங்கை மடிப்பில் அதைவிடத் தடிமனான பச்சை, இல்லாவிட்டால் பிங்க்.

"யூரின் கிளியரா இருக்கு, ஸ்கேன் வேணாம்"

சிறுநீரகத்துக்குப் போகும் தமனியே அறுந்தோ அடைத்தோ போனால், ரத்தம் கலந்த சிறுநீர் எங்கிருந்து வரும்?

கிரியேட்டினினுக்காகக் காத்திருப்பது

மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. ரத்தம் போய்க்கொண்டிருப்பவரிடம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கலர் போடாமல் "நீர்க்கட்டி" என்பது

முதுகில் துளை போட்டுச் சிறுநீரகக் கல் எடுத்தவர் ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிவப்பாகச் சிறுநீர் போகிறது என்று வருவார். அல்ட்ராசவுண்டில் உருண்டையாக ஒரு கறுப்பு தெரியும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே சிவப்பும் நீலமும் சுழன்றால் அது நீர்க்கட்டி இல்லை, சூடோ அனீரிசம்.

கூச்சத்துக்கு இடம் கொடுப்பது

படகு விளிம்பில் கால் அகட்டி விழுந்தவருக்கு ஆணுறுப்புத் தமனி கிழிந்து, சில நாள் கழித்து வலியே இல்லாத விறைப்பு அடங்காமல் நிற்கலாம். வலி இல்லாததால் யாரிடமும் சொல்லமாட்டார். "அடிவயித்துல ஒரு மாதிரி இருக்கு" என்பார், நாமும் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம். டாப்ளரை உறுப்போடு நிறுத்தாமல் விதைப்பைக்குப் பின்னால், அடிபட்ட இடம் வரை கொண்டுபோக வேண்டும். அதற்கு முன், கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "படகுல எப்படி விழுந்தீங்கண்ணே?" என்று நாமே கேட்க வேண்டும்.