நண்பருடன் எல்க் வேட்டைக்குப் போகிறீர்களா? பேசிவைக்காமல் கிளம்பாதீர்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் மான் வேட்டை உரிமங்களைப் பிரித்துக் கொடுக்கும் முதன்மைக் குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். வேட்டை தொடங்குவதோ செப்டம்பரில். சேர்ந்து போகும் இரு நண்பர்களின் முதல் தவறு பெரும்பாலும் அந்த ஏப்ரலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

கேட்ட இடம் குலுக்கலில் கிடைக்காமல் போனால் விண்ணப்பதாரர் கணக்கில் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். நல்ல வேட்டைப் பகுதிகளுக்குப் பல ஆண்டுப் புள்ளிகள் வேண்டும். இருவர் ஒரே குழுவாக விண்ணப்பித்தால், யாருக்குப் புள்ளி குறைவோ அவருடையதே கொலராடோவில் குழுவின் புள்ளி. உங்களிடம் ஆறு புள்ளிகள் இருந்து, நண்பர் இந்த ஆண்டுதான் முதன்முதலாக விண்ணப்பிக்கிறார் என்றால், குழுவின் கணக்கு பூஜ்யம். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் அப்படி இல்லை. அங்கே இருவர் புள்ளிகளின் சராசரியை எடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆறு வருடக் காத்திருப்பை வீணாக்கிவிட்டு, பிறகு நண்பர் மீது கசப்பை வளர்த்துக்கொள்பவர்கள் உண்டு. புள்ளிகளை எடுத்து மேசைமேல் வைத்துப் பேசுங்கள். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை இருவருமே படியுங்கள், ஒருவர் படித்தது போதும் என்று விடாதீர்கள்.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கொலராடோவில் வேட்டைக் கல்விப் பயிற்சி முடித்திருந்தால்தான் உரிமம் வாங்க முடியும். அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. அலுவலக நண்பர் அன்போடு, "வா, என் ரைபிளை வைத்துச் சுட்டுப் பழகிக்கொள்" என்று உரிமம் வாங்கும் முன்பே பயிற்சிக் களத்துக்கு அழைப்பார். உரிமம் வரும்வரை தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு, வேட்டையே பாதுகாப்புக்குப் பணம் தரும் ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் கொலராடோதான். வேட்டை உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கப்படும் வரியும் வனவிலங்குப் பணிக்குப் போகின்றன. விதிகளைச் சடங்காக நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். அந்த விதிகளால் மீண்டு வந்த விலங்கு அது.

உரிமச் சீட்டு தனிநபருக்கு உரியது. "எனக்குக் கிடைக்காவிட்டால் என் சீட்டில் நீ சுட்டுக்கொள்" என்று நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்வது கொலராடோவில் குற்றம். யார் பெயரில் சீட்டோ அவர்தான் சுட வேண்டும், விழுந்தவுடன் அவர்தான் சீட்டில் கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது உடம்பு. எல்க் வாழும் மலைச்சரிவுகள் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். டெக்சஸிலிருந்து ஒரே நாளில் காரோட்டி வந்து, மறுநாள் விடியலில் முதுகுச் சுமையோடு ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். ஓரிரு நாள் முன்னதாக வந்து உடம்பைப் பழக்குங்கள். அதைவிட ஆபத்தானது தலைவலியை நண்பரிடம் மறைப்பது. அவருடைய பயணத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற கூச்சம் புரிகிறது. ஆனாலும் உயர நோய் முற்றினால் கீழே இறங்குவதுதான் மருந்து. யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் இருவரும் இறங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால், மலையில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. குளிருக்குப் பயந்து மூடிய கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும் உயிருக்கே உலை வைக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இனி காட்டுக்குள். செப்டம்பர் வில்வேட்டைக் காலம், எல்க்கின் இணைசேரும் பருவமும் அதுவே. ஆண் எல்க் ஊளைபோல் நீண்ட குரல் எழுப்பும். வேட்டைக்காரர்கள் அதே குரலை ஊதி அழைப்பார்கள். ஒருவருக்கு இருவராகப் போவதன் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கிறது, பெரும்பாலானோர் அதைத் தவற விடுவதும் இங்கேதான். அழைப்பவரும் அம்பு எய்பவரும் ஒரே மரத்தடியில் அருகருகே உட்கார்ந்துகொள்கிறார்கள். வரும் ஆண் எல்க் குரல் வந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வருவதால், வில்லை இழுக்கும் சிறு அசைவும் அதன் கண்ணில் பட்டுவிடும். அழைப்பவர் ஐம்பது, நூறு மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். எல்க்கின் கவனம் எய்பவரைத் தாண்டிப் பின்னால் போகும்.

காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எல்க் நேராக வராது. அழைப்பவரின் வாசனையைப் பிடிக்கக் காற்றிறங்கும் பக்கமாக வளைந்து வரும். ஆகவே எய்பவர் நேர்முன்னால் இல்லாமல், அந்தப் பக்கமாகச் சற்று விலகி அமர வேண்டும். மலைக்காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும் மேல்நோக்கி ஏறும். மாலையில் மீண்டும் இறங்கும். ஒரு சின்னக் குப்பியில் பவுடர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு பிதுக்குப் பிதுக்குங்கள். வெண்தூள் எந்தப் பக்கம் மிதக்கிறதோ, உங்கள் வாசனையும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. எட்டு மணிக்குச் சரியாக இருந்த இடம் பத்து மணிக்குத் தவறான இடமாகிவிடும். அப்போது எழுந்து இடம் மாறத் தயங்காதீர்கள்.

ரைபிள் பருவத்தில் வேறு கவலைகள். ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் தெரிய வேண்டும், தலையிலும் எல்லாப் பக்கமும் தெரியும்படி அதே நிறம் வேண்டும். வெயிலில் உடை கழற்றும் நண்பரைக் கடிந்துகொள்ளவும் தயங்காதீர்கள். பிரிந்து போவதானால் யார் எந்தச் சரிவு, எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பு, வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து உதவி கேட்பது என்பதையெல்லாம் காலையிலேயே பேசிவிட வேண்டும். அங்கே கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஆளுக்கொன்று இருப்பது நல்லது.

மந்தை எதிரே வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் சுடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. அடிபட்ட எல்க் விழாமல் மந்தைக்குள் கலந்துவிடும். அவசரத்தில் அடுத்த குண்டு வேறொரு விலங்கைப் பதம் பார்க்கும். யார் முதலில் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் பைனாகுலரை அந்த ஒரே விலங்கின் மீதிருந்து எடுக்கவே கூடாது. அதன் பின்னால் இன்னொரு எல்க் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. ரைபிள் குண்டு ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் கொன்றுவிடும். மூஸ் மானை எல்க் என்று நினைத்துச் சுடுவதும் கொலராடோவில் நடக்கிறது. எல்க்கின் உடல் வெளிர்பழுப்பு, கழுத்து கருமை, பின்புறத்தில் வெளிறிய திட்டு. மூஸ் ஏறக்குறைய முழுக் கருப்பு. ஆணின் கொம்பு தட்டையாக விரிந்திருக்கும். பல பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு கிளைகளோ, ஐந்து அங்குல நெற்றிக் கிளையோ இருந்தாக வேண்டும். இருவர் கண்களும் ஒத்துக்கொள்ளாதவரை விரல் விசைக்குப் போகக் கூடாது.

விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். எலும்பு நீக்கிய கறியே சுமார் 90 கிலோ தேறும். ஆளுக்கு இருபத்தைந்து கிலோ தூக்கினால் இரண்டு நடை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளிச் சுட்டிருந்தால், இரண்டாம் நடை முடியும்போது ஒவ்வொருவரும் பதினைந்து கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள், அதில் பத்து சுமையோடு. கறியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டுபோவது சட்டப்படி குற்றம், என் மனத்தில் அதைவிடப் பெரிய குற்றம். "வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போய்ச் சுடலாம்" என்பதை உங்கள் இருவரில் இளைத்தவரின் முதுகைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குளிர்தானே, காலையில் வந்து உரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் கறி கெட்டுப்போகும். தடித்த தோலும் ரோமமும் உடல் சூட்டை வெளியே விடாது. தொடை எலும்பைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே புளித்துவிடும். பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகெலும்பை ஒட்டிக் கழுத்திலிருந்து வால்வரை கீறித் தோலைக் கீழ்நோக்கி உரித்தெடுங்கள். முன்னங்காலை எலும்பு எதுவும் உடம்போடு பிணைப்பதில்லை. ஒருவர் காலைத் தூக்கிப் பிடித்தால் மற்றவர் தசையை மட்டும் அறுத்து எளிதாகக் கழற்றிவிடலாம். பின்தொடைக்குப் பந்துக்கிண்ண மூட்டைத் தேடி அறுக்க வேண்டும். பிறகு முதுகுக் கறி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு உள்முதுகுக் கறி. குடலைத் திறக்கவே தேவையில்லை. புரட்டிப்போட்டு மறுபக்கம். ஒரு நேரத்தில் ஒரு கத்தி மட்டும் வேலை செய்யட்டும். களைத்த கைகளில் இரண்டு கத்திகள் நெருங்கினால் ரத்தம் மானுடையதாக மட்டும் இருக்காது. கறியைக் காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிடுங்கள். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளத்தைக் கறியோடு விட்டுவைப்பதும் சட்டம்.

கறிக்கடையில் அரைக்கக் கொடுப்பதற்கு முன் இதையும் பேசிவிடுங்கள். மான் இனங்களைத் தாக்கும், பிரியான் எனும் உருக்குலைந்த புரதத்தால் வரும் நாட்பட்ட நலிவு நோய் 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் கண்டறியப்பட்டது. சமைத்தாலும் பிரியான் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணமில்லை என்றாலும், நோயுள்ள விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இருவருக்கும் ஆளுக்கொன்று கிடைத்திருந்தால், பாதிப் பாதி என்று கலந்து அரைத்துவிடாதீர்கள். ஒன்றில் நோய் தெரிந்தால் இரண்டையும் குப்பையில் போட வேண்டியிருக்கும். எந்தப் பொட்டலம் எந்த மானுடையது என்று எழுதி ஒட்டி, முடிவு வரும்வரை தனித்தனியாக உறையவைத்துவிட்டு, அதன் பிறகு பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.