வாடகை குறைவு என்று கோயமுத்தூருக்குக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலும் பெங்களூரிலும் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், "பேசாமல் கோயமுத்தூருக்கே போயிடலாமா?" என்று ஒரு தடவையாவது பேசாத குடும்பம் இப்போது குறைவு. யோசனையில் தப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இருக்கிறது, நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஊர்க்காரர்களின் "வாங்க, போங்க" மரியாதை இருக்கிறது. தப்பு கணக்குப் போடுவதில்தான். இப்போதைய வாடகையிலிருந்து அந்த ஊர் வாடகையைக் கழித்து, பன்னிரண்டால் பெருக்கி, வருஷத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று எழுதிவிட்டு லாரிக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

கையில் ஒரு வேலை இருக்கிறதே, போதாதா என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போகிற ஊரில் பார்க்க வேண்டியது அந்த வேலையை அல்ல, அது போனால் கிடைக்கக்கூடிய அடுத்த வேலையை. சென்னையில் ஒரு கம்பெனி கைவிட்டால் அதே ஓஎம்ஆரில் நாலு கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பலாம், வீட்டைக்கூட மாற்ற வேண்டாம். கோவையில் ஐடி என்றால் பெரும்பாலும் பீளமேடு–விளாங்குறிச்சிப் பக்கம் டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம், அவ்வளவில் அடங்கிவிடும். பாஷ், காக்னிசன்ட் மாதிரி பெரிய பெயர்கள் இருக்கின்றன, 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் இன்னொரு ஐடி கட்டடமும் திறந்தார்கள், ஊர் வளர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று வருஷ அனுபவக்காரர்களுக்கு இருக்கிற இடம் பதினைந்து வருஷ அனுபவக்காரர்களுக்கு அதே அளவில் இருக்காது. ஆகவே கிளம்பும் முன் வேலைத் தளங்களில் உங்கள் பதவி, உங்கள் அனுபவம், ஊர் கோயமுத்தூர் மட்டும் என்று போட்டு இரண்டு மாதமாவது கவனியுங்கள். எத்தனை விளம்பரம் என்று எண்ணாதீர்கள், எத்தனை வேறு வேறு கம்பெனி என்று பாருங்கள். ஒரே கம்பெனி ஒரே வேலையை மூன்று ஏஜென்சி வழியாகப் போட்டிருக்கும்.

"நீங்க எங்கிருந்து வேணா வேலை பாருங்க" என்று மேனேஜர் வாயால் சொன்னதை நம்பிக் கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த மேனேஜர் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், புதிதாக வருகிறவர் வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வரச் சொல்வார். எழுத்தில் வாங்குங்கள். ஊர் மாறினால் சம்பளம் மாறுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பழைய வரி முறையில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: வீட்டு வாடகைப் படி விலக்குக்கான வரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், கோவையில் 40 சதவீதம். வாடகையே குறைகிறபோது விலக்கும் குறையும், ஆக மிச்சம் என்று எழுதி வைத்ததில் ஒரு பங்கு வரிக்குப் போகும்.

ஐடி இல்லாதவர்களுக்குக் கதை வேறு. பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, மில், கிரைண்டர் என்று ஊரே பட்டறைதான், ஆனால் அங்கே பாதி வேலைகள் இன்டர்நெட்டுக்கு வருவதே இல்லை, தெரிந்தவர் சொல்லித்தான் ஆள் எடுப்பார்கள். சின்ன யூனிட்டில் சேருகிறீர்கள் என்றால் பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டா, சம்பளம் முழுவதும் பேங்கில் ஏறுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்புறம், கணவன் மனைவி இரண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டில் ஒருவர் வேலையை மட்டும் உறுதி செய்துவிட்டு "உனக்கு அங்க போய் பாத்துக்கலாம்" என்பது. வாடகையில் மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய தொகை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

சரி, வீடு. கோயமுத்தூரில் வாடகை குறைவு என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதே தவறு. ரேஸ் கோர்ஸிலும் ஆர்.எஸ்.புரத்திலும் விசாரித்துப் பாருங்கள், தெரியும். குறைவாக இருப்பவை பெரும்பாலும் ஓரத்துப் பகுதிகள். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சேர்ந்த சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர், காளப்பட்டி, குறிச்சி போன்ற இடங்களெல்லாம் அதுவரை பேரூராட்சிகளாகவோ நகராட்சிகளாகவோ இருந்தவை. பெயரில் மாநகராட்சி வந்துவிட்டது, தண்ணிக் குழாயும் சாக்கடையும் எல்லா வீதிக்கும் அதே வேகத்தில் வரவில்லை. வேலை சரவணம்பட்டியில், வீடு வடவள்ளியில் என்று எடுத்துவிட்டு, ஊர் சின்னதுதானே என்று நினைத்தால், மேற்கிலிருந்து வடகிழக்குக்குத் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டது உண்மை, ஆனால் உங்கள் வழி அந்தச் சாலையில் இல்லை என்றால் அதனால் உங்களுக்கு என்ன?

தண்ணி விஷயத்தைத்தான் வெளியூர்க்காரர்கள் சரியாகப் பார்ப்பதில்லை. "சிறுவாணித் தண்ணிங்க" என்று ஓனர் சொன்னதும் மயங்கிவிடுகிறார்கள். சிறுவாணி ஊர் முழுவதற்கும் வருவதில்லை, பில்லூர் தண்ணி வருகிற பகுதிகள் உண்டு, ஆழியாறு வருகிற பகுதிகள் உண்டு. எது வருகிறது என்பதைவிட எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் கேள்வி, அதை ஓனரிடம் கேட்காமல் எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். பாத்ரூமுக்குள் போய் ஷவரின் தலையைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்து துளைகள் அடைத்திருந்தால் புழக்கத்துக்கு முழுக்க போர் தண்ணிதான், கீசர் காயில் போகும், வாஷிங் மெஷின் போகும், தலைமுடிக்கும் உத்தரவாதமில்லை. சமையலறையில் நல்ல தண்ணிக்கு, உப்புத் தண்ணிக்கு என்று தனித்தனிக் குழாய் இருக்கிறதா, நல்ல தண்ணிக்குத் தனித் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சிறுவாணி அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், நிரம்புவது தென்மேற்குப் பருவமழையில். ஆகஸ்டில் வந்து வீடு பார்க்கிறவர்களுக்கு எந்தத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும், ஏப்ரலில் வந்து பாருங்கள்.

அட்வான்ஸ் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. வேறு மாதிரி உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நடைமுறையில் பல பேர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது வேறு. வாடகையே இல்லை, மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம், போக்கியத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் இரட்டிப்பு கவனம் வேண்டும். அந்த வீட்டின் மேல் ஓனர் பேங்க் கடன் வாங்கியிருந்து, தவணை கட்டாமல் விட்டால், பேங்க் வந்து நிற்கும்போது உங்கள் லட்சங்கள் அந்தரத்தில் தொங்கும். வீட்டின் மேல் பதிவான அடமானம், விற்பனையைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், போக்கியப் பத்திரத்தைப் பதியாமலும் கொடுக்காதீர்கள். அப்புறம் கரண்ட் மீட்டர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால்தான் உங்களுக்கு வந்து சேரும், ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது.

வந்த சூட்டில் இடம் வாங்குவது அடுத்தது. சென்னை விலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே எல்லாம் மலிவாகத் தெரியும். விலையைச் சென்ட் கணக்கில் சொல்வார்கள், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, கிரவுண்ட் 2,400 சதுர அடி. இதை மாற்றிப் போட்டுப் பார்க்காமல் "அஞ்சு சென்ட்" என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிடுகிறார்கள், ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவுதான் அது. இடமாக வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், பட்டா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, இதெல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பதுதான். கோவையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது மலை. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் "மலையடிவாரத்தில் இயற்கையோடு" என்று விளம்பரம் போட்டு விற்பார்கள். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களில் அந்தக் குழும அனுமதி இல்லாமல் மனைப்பிரிவு போட முடியாது, அதைக் கேட்டால் சில புரோக்கர்கள் பேச்சை மாற்றுவார்கள், அப்போதே நடையைக் கட்டுங்கள். தவிர, அந்தப் பக்கம் ராத்திரியில் யானை வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். அதற்குள் விலை ஏறிவிடும் என்று பயமுறுத்துகிறவர் யார், அவருக்கு அதில் எத்தனை சதவீதம் கமிஷன் என்று யோசியுங்கள்.

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் பள்ளிக்கூட விஷயத்தைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும் பிள்ளை அங்கே கன்னடமோ இந்தியோ படித்திருக்கும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே தமிழ் கட்டாயப் பாடம், பத்தாம் வகுப்பு வரை. நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்றால் பிடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் வந்து சேருகிற பிள்ளைக்கு, பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமமாக இருக்கும், டியூஷன் வைத்தாலும் ஒரு வருஷம் போராட்டம்தான். சேர்க்கைக்கு முன்பே பள்ளியில் போய் இதை வெளிப்படையாகப் பேசி, தமிழுக்குத் தனியாக என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பல தனியார் பள்ளிகளில் ஜூனுக்கான இடம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், ஆகவே ஆபீஸ் மாறுதல் எப்போது வந்தாலும் குடும்பத்தைக் கூட்டி வருகிற தேதியைப் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை ஒரு ஆள் முன்னால் வந்து மேன்ஷனிலோ பிஜியிலோ தங்கி, சாயங்கால நேரத்தில் தெருத் தெருவாக டு-லெட் போர்டு தேடட்டும். புரோக்கருக்குக் கொடுக்கிற ஒரு மாத வாடகை மிச்சம், எந்தத் தெருவில் எவ்வளவு நெரிசல் என்பதும் அவருக்கே தெரிந்துவிடும்.