குடும்பத்தோடு முதல் குரூஸ்: தீவுகளுக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

கரீபியன் பக்கம் போகும் குரூஸ் (சொகுசுக் கப்பல் பயணம்) விளம்பரங்களில் தீவுகளின், துறைமுகங்களின் பெயர்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும். நசாவ், கோசுமெல், கிராண்ட் கேமன், செயின்ட் தாமஸ் என்று வரிசையாகப் படித்ததும் மனசு குதிக்கும். நான் நேராக அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரிக்குப் போய்விடுவேன். கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, கரையோடு ஒட்டி நிற்குமா அல்லது கடலில் நங்கூரம் போட்டுவிட்டுப் படகில் அனுப்புவார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். முழங்கால் வலியுள்ள மாமியாரும், மதியம் தூங்காவிட்டால் ஊரைக் கூட்டிவிடும் நாலு வயசு மகளும் கூட வரும்போது, பயணம் எப்படிப் போகும் என்று சொல்வது அந்த வரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து ஆட்கள் இறங்கத் தொடங்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். திரும்பி ஏற வேண்டிய கெடு, கிளம்பும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும். நடுவில் வரிசை, டாக்சி, போக்குவரத்து நெரிசல். கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரம். அதனால் ஒரு தீவுக்கு ஒரே ஒரு காரியம் போதும். கடற்கரை என்றால் கடற்கரை மட்டும். அதோடு கோட்டையும் கடைத்தெருவும் சேர்த்தால் மூன்றையும் டாக்சி ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

அப்புறம் அந்தப் படகு. இதற்கு டெண்டர் என்று பெயர். கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கும் துறை கிடையாது. எல்லோரும் டெண்டரில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் வயிற்றுப் பகுதியில் ஒரு கதவு திறந்திருக்கும். வெளியே படகு ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும். வாசலில் நிற்கும் சிப்பந்திகள் இரண்டு பேர் கையைப் பிடிக்க மாட்டார்கள். முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடிப்பார்கள். படகு மேலே வரும்போது ‘இப்போ’ என்பார்கள், அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். என் மாமியார் இரண்டு முறை ‘இப்போ’வை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகத்தான் நின்றார்கள். ஆனால் அலை கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் அவரை ஏற்றியிருக்கவே மாட்டார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களை டெண்டரில் ஏற்றுவதற்குக் கப்பலுக்குக் கப்பல் விதி வேறு. தாங்களாகச் சில படி இறங்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. வயதானவர்கள் வருகிறார்கள் என்றால், பணம் கட்டும் முன்பே பாதையில் எத்தனை இடம் டெண்டர் என்று கேட்டுவிடுங்கள். கோசுமெல், செயின்ட் தாமஸ், பார்படோஸ் போன்ற இடங்களில் வழக்கமாகக் கப்பல் துறையிலேயே நிற்கும், நடைபாதையில் இறங்கி நடக்கலாம்.

எந்த நேரம் கப்பல் நேரம்?

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கப்பலைத் தவறவிடுகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். பல கப்பல்கள் கிளம்பும் அமெரிக்க நகரமான மயாமியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். கேமன் தீவுகளிலும் ஜமைக்காவிலும் அந்த வழக்கம் இல்லை. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையில் கால் வைத்ததும் உங்கள் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். போனில் மணி மூன்று என்று நிதானமாக இருப்பீர்கள், கப்பலில் மணி நான்கு. சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில மாறாது. முந்தின இரவு அறிவிப்பிலும் கப்பலின் செயலியிலும் சொல்வார்கள். நாங்கள் ஒரு சாதாரண கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துப் பெரியவன் கையில் கட்டிவிட்டோம். ஒன்பது வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பதவி வேண்டாம், அரை மணிக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே இருந்தான்.

கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் அது தாமதமாகும்போது கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாக டாக்சி பிடித்துப் போயிருந்தால் காத்திருக்காது, அடுத்த தீவுக்கு விமானம் உங்கள் செலவு. இதற்காக எல்லாவற்றையும் கப்பலிலேயே வாங்கச் சொல்லவில்லை, விலை கூடுதல்தான். துறைமுகத்திலிருந்து கால் மணி தூரத்தில் இருக்கும் கடற்கரைக்குத் தனியாகப் போகலாம். தீவின் மறுகோடி என்றால் கப்பல் ஏற்பாட்டில் போங்கள்.

பதிவு செய்யும்போது

விளம்பரத்தில் தெரியும் கட்டணம் பெரும்பாலும் ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்கானது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பொதுவாகக் குறைவு. அதன்மேல் துறைமுக வரி, பல நிறுவனங்களில் தினமும் தலைக்கு இவ்வளவு என்று தானாகச் சேரும் டிப்ஸ், இணையம், குளிர்பானம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. மதுபானத் தொகுப்பு வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்: ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு.

கேபின் விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஐந்து பேரை ஒரு பால்கனி அறையில் அடைப்பதைவிட, நடுவில் கதவு உள்ள இரண்டு சாதாரண அறைகள் மேல். இரண்டு குளியலறை கிடைக்கும், காலையில் சண்டை பாதியாகும். ‘பக்கத்து அறை’ என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணைப் பிறகு ஒதுக்குகிறோம் என்று மலிவாகத் தரும் கேபின் குடும்பத்துக்கு ஆகாது, ஆளுக்கொரு மூலையில் விழலாம். குமட்டல் வருபவர்கள் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தள வரைபடத்தைத் திறந்து மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் இடமாகப் பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே படுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும்.

கரீபியனில் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை, உச்சம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. விலை இறங்குவதும் அப்போதுதான். கப்பல் புயலுக்குள் போகாது, சுற்றிக்கொண்டு போகும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட தீவு காணாமல் போகும். பெரும்பாலும் அந்தத் துறைமுக வரி மட்டும்தான் திரும்ப வரும். தெற்கே இருக்கும் அருபாவும் குராசாவும் வழக்கமான புயல் பாதைக்குச் சற்று விலகியவை, அந்த மாதங்களில் போவதானால் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

விசா தேவைப்படுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு நாட்டில் ஏறி, தீவுகளைச் சுற்றிவிட்டு, அதே நாட்டில் இறங்குகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒரே முறை நுழைய அனுமதிக்கும் விசா போதாது. ஒரு தீவில் இறங்கப் போவதில்லை என்றாலும் அதன் விசா இல்லையென்று கப்பலிலேயே ஏற்றாமல் விடலாம். கைக்குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதும், 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை என்பதும் பெரிய நிறுவனங்களில் பரவலான விதி. காப்பீட்டில் கடலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் அது கட்டணத்தில் சேராது.

ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை கேபினுக்கு வந்து சேர மாலையாகலாம். அதுவரை தேவையானது ஒரு தோள்பையில்: பாஸ்போர்ட், மருந்து, பிள்ளைகளின் நீச்சல் உடை. மற்றவர்கள் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது உங்கள் பிள்ளைகள் காலியான குளத்தில் இருப்பார்கள். இஸ்திரிப் பெட்டியையும் மின்னெழுச்சி தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். ஈர உடையும் தொப்பியும் அதில்தான். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கணைத்தால் கை தெரியாத இருட்டு, ஒரு சின்ன இரவு விளக்கு வேண்டும்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம். 2012இல் கோஸ்டா கன்கார்டியா என்ற குரூஸ் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறியவர்கள் பலருக்கு அது இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. இப்போது பல கப்பல்களில் காணொளி பார்த்துவிட்டு, அவசரத்தில் கூடும் இடத்துக்குப் போய், கேபின் கதவைத் திறக்கவும் செலவு செய்யவும் தரும் அட்டையைக் காட்டினால் போதும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்றால் அவசரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்து, கேபினிலிருந்து அந்த இடம் வரை ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள்.

போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும். பிள்ளைகளின் அட்டையில் செலவு வரம்பும் அன்றே வைத்துவிடுங்கள், விளையாட்டு அறையில் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கப்பலில் பிள்ளைகள்

பிள்ளைகளை விட்டுவைத்து விளையாட விடும் பிள்ளைகள் மன்றம் (கிட்ஸ் கிளப்) பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து, டயபர் விட்டவர்களுக்கு. பல கப்பல்களில் பொதுக் குளத்திலும் அதே விதி, நீச்சல் டயபர் போட்டாலும் விட மாட்டார்கள். எல்லாக் குளத்திலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை, அதனால் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பால்கனி இருந்தால் நாற்காலியைக் கம்பியிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வாசலில் இருக்கும் ஜெல், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்குப் பெரிதாக உதவாது. குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கு அளவை டாக்டரிடம் கேட்டு வாருங்கள். தலை சுற்றினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

தீவு வெயிலுக்கு நான் கிரீமைவிட முழுக்கை நீச்சல் சட்டையைத்தான் நம்புகிறேன், தேய்க்க ஓடிப் பிடிக்க வேண்டாம். கிரீம் வாங்குவதானால் துத்தநாக ஆக்சைடு கலந்ததாக வாங்குங்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளிலும் அருபாவிலும் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த கிரீமுக்குத் தடை இருக்கிறது. பார்படோஸ் போவதானால் ராணுவத்தினர் அணிவது போன்ற திட்டுத்திட்டான (கேமஃபிளாஜ்) உடைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தையின் அரைக்கால் சட்டைக்கும் விலக்கு இல்லை.

கடைசி இரவு பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மூடுங்கள். பைஜாமாவோடு கப்பலை விட்டு இறங்கியவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போகிறவர்களை முதலில் இறக்குவார்கள், ஆனால் லிஃப்டுகள் நிரம்பி வழியும். வயதானவர்கள் இருந்தால் அது வேண்டாம், நிதானமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கடைசிக் குழுவோடு இறங்குங்கள். திரும்பும் விமானத்தை மதியத்துக்குப் பிறகு பதிவு செய்யுங்கள்.