ரகுட்டோ (சங்கிலி பறிப்பு) அடிதடியோ நடந்தா ரிப்போர்ட்டோட நிக்காதீங்க: தோட்டத்து ஜனங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்துக்கிட்டு பட்டணத்துக்கு வந்து போற நம்ம ஜனங்களுக்காக இத எழுதுறேன். சங்கிலிய அறுத்துட்டான், வீட்ட உடைச்சிட்டான், அடிச்சி கைய முறிச்சிட்டான், எது நடந்தாலும் நம்மாளுங்க பாலாய்க்கு (போலிஸ் ஸ்டேஷனுக்கு) போயி ஒரு ரிப்போர்ட் போட்டுட்டு அந்த பேப்பர சாமி மேடையில வச்சிட்டு போன் வரும் போன் வரும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. பல பேருக்கு வர்றதே இல்ல. ஏன்னா கோர்ட்டுக்கு போனதுக்கப்புறம் அது அரசாங்கத்துக்கும் பிடிபட்டவனுக்கும் நடக்குற கேஸ், அதுல நீங்க வெறும் சாட்சி. பிடிபட்டவனுக்கு வசதி இல்லன்னா யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்னு 2011ல ஆரம்பிச்ச அமைப்பு மூலமா லோயர் கிடைக்க வழி இருக்கு, அது இருக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லல. ஆனா அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்குற ஆள தேடி யாரு வர்றா? இதுதான் எனக்கு வயிறு எரியுது. நமக்கும் சட்டத்துல சில உரிமை இருக்கு, ஆனா நாமளா கேட்டாதான் கிடைக்கும்.

முதல்ல ரிப்போர்ட். "இங்க போட முடியாது, நடந்த இடத்து பாலாய்க்கு போங்க"ன்னு யாராவது சொன்னா நம்பி திரும்பி வந்துடாதீங்க, மலேசியாவுல எங்க நடந்த குத்தமா இருந்தாலும் ரிப்போர்ட் எடுக்க வேண்டியது அவங்க கடமைன்னு கிரிமினல் புரொசீஜர் கோட் (குத்தத்த விசாரிச்சி கேஸ் நடத்துற முறைய சொல்ற சட்டம்) செக்ஷன் 107 சொல்லுது. நடந்த நேரம், இடம், மோட்டார் நம்பர், போன சாமான், நகைக்கடை ரசீது இருந்தா அதுவும், எல்லாத்தயும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு போங்க, பதட்டத்துல பாதி மறந்துடும். காயம் இருந்தா முதல்ல அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, யாரு அடிச்சா எதால அடிச்சான்னு டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லுங்க, அவர் எழுதுறதுதான் பின்னாடி ஆதாரம். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ பாலியல் கொடுமை நடந்திருந்தா குளிக்க வைக்காதீங்க, துணிய துவைக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போயி ஓஎஸ்சிசின்னு (இந்த மாதிரி பாதிக்கப்பட்டவங்கள கவனிக்கிற ஆஸ்பத்திரி பிரிவு) கேளுங்க, ரிப்போர்ட் இல்லாமலே போகலாம், போலிஸ அங்கருந்தே கூப்பிட்டுக்கலாம். ராத்திரி நேரம், யார கேக்கறதுன்னு தெரியலன்னா தாலியான் காசேங்கற உதவி லைன் 15999, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

அதுக்கப்புறம் ஐஓ (கேஸ விசாரிக்கிற போலிஸ் அதிகாரி) கூப்பிட்டு வாக்குமூலம் எடுப்பாரு, அதே சட்டத்துல செக்ஷன் 112. நம்மாளுங்க கோட்ட விடுறது இங்கதான். பாட்டி தமிழ்ல சொல்லும், கூட போன பேரன் அரைகுறையா மலாய்ல சொல்லுவான், எழுதுறவரு சுருக்கி எழுதுவாரு, கடைசியில "சங்கிலிய புடிச்சி இழுத்தான், நான் தார் ரோட்டுல விழுந்து முட்டி பேந்துடுச்சு"ன்னு பாட்டி சொன்னது "சங்கிலிய எடுத்துட்டு ஓடிட்டான்"னு ஒரே வரியில முடிஞ்சிருக்கும். முட்டி பேந்த வரி இல்லன்னா கொள்ளை கேஸு வெறும் திருட்டு கேஸா போயிடும், பீனல் கோட்ல கொள்ளைக்கான 392க்கும் திருட்டுக்கான 379க்கும் தண்டனையில நிறைய வித்தியாசம் இருக்கு. நீங்க பேசின பாஷையிலயே வாசிச்சி காட்டி, திருத்தம் சொல்ல விட்டு, அப்புறம்தான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கணும்னு அந்த செக்ஷன் 112 சொல்லுது. அதனால "தமிழ்ல படிச்சி காட்டுங்க சார்"னு மரியாதையா கேளுங்க, விட்டுப் போனத சேக்க சொல்லுங்க, அவசரப்படுத்தினாலும் பரவால்ல, அந்த ஒரு மணி நேரத்த குடுங்க. கிளம்பும்போது ஐஓ பேரு, போன் நம்பர், ரிப்போர்ட் நம்பர் மூணையும் எழுதிக்கோங்க.

நாலு வாரம் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல, என்ன பண்றது? செக்ஷன் 107ஏ. வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குத்தம்னா, திருட்டு கொள்ளை எல்லாம் அதுலதான் வரும், ரிப்போர்ட் போட்டவரு விசாரணை எந்த அளவுல இருக்குன்னு கேக்கலாம், கேட்டு 2 வாரத்துக்குள்ள பாலாய் தலைவர் பதில் குடுத்தாகணும். வாயால கேட்டா காத்துல போயிடும், லெட்டரா குடுங்க. மேல "பெர்மோஹோனான் ஸ்டேட்டஸ் சியாசாத்தான், செக்ஷென் 107ஏ கானுன் தாத்தாச்சாரா ஜெனாயா"ன்னு மலாய்ல தலைப்பு (107ஏ படி விசாரணை நிலவரம் கேக்குற மனுன்னு அர்த்தம்) போட்டு, கீழ உங்க பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், ரிப்போர்ட் நம்பர், தேதி, ஐஓ பேரு எழுதி, விசாரணை நிலவரம் தெரியணும்னு ரெண்டு வரி போதும். ஒரு போட்டோஸ்டேட் எடுத்துட்டு போயி அதுல சாப் (முத்திரை) அடிச்சி தேதி போட்டு வாங்கிக்கோங்க, அந்த சாப்தான் முக்கியம். அதுக்கும் பதில் இல்லன்னா அதே காப்பிய வச்சி பப்ளிக் பிராசிகியூட்டருக்கு எழுதலாம், அவரு மாவட்ட போலிஸ் தலைவர்கிட்ட விவரமான அறிக்கை கேப்பாரு, அத குடுக்கத் தவறின அதிகாரிக்கு ஒரு மாசம் வரைக்கும் ஜெயிலோ 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோ கூட சட்டத்துல இருக்கு. போலிஸே மோசமா நடந்துக்கிட்டா அதுக்கு 2023 ஜூலையில இருந்து ஐபிசிசின்னு தனி கமிஷன் இருக்கு, அங்க புகார் குடுக்கலாம்.

கேஸ் கோர்ட்டுக்கு போச்சுன்னா டிபிபி (டெபுட்டி பப்ளிக் பிராசிகியூட்டர்) உங்க லோயர் இல்லங்கறத மனசுல வச்சிக்கோங்க, அவரு அரசாங்கத்துக்கு வாதாடுறவரு, கேஸ நடத்துறதும் நிறுத்துறதும் அரசியலமைப்பு 145(3) படி அட்டர்னி ஜெனரல் கையில. வசதி இருந்தா வாட்சிங் பிரீஃப்னு ஒரு லோயர வைக்கலாம், அவரால வாதாட முடியாது, ஆனா உக்காந்து பாத்து உங்களுக்கு விளக்குவாரு. தமிழ்ல சாட்சி சொல்லணும்னா ஜுருபாஹாசா (மொழிபெயர்ப்பாளர்) வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. முதல் நாள் ஐஓவுக்கு போன் போட்டு நாளைக்கு நிச்சயமா நடக்குதான்னு கேளுங்க, ஒரு நாள் பேர (கூலிய) விட்டுட்டு பஸ் ஏறி போயி நின்னா 'தாங்கோ', அதாவது கேஸ தள்ளி வச்சாச்சுன்னு திருப்பி அனுப்புறது சாதாரணம். யாராவது மிரட்டினா சமாதானம் பேசப் போகாதீங்க, அன்னைக்கே இன்னொரு ரிப்போர்ட் போடுங்க.

அக்கம்பக்கத்துல இருக்குறவங்களுக்கும் சொல்றேன். "போனது போகட்டும் விடுக்கா, கோர்ட்டு கச்சேரின்னு அலையாதே"ன்னு அறிவுரை சொல்றது சுலபம். கருமாதிக்கு ரெண்டு வேன் புடிச்சி போற நம்ம தோட்டத்துல இருந்து ஒரு பாட்டி கூட கோர்ட்டுக்கு போக ஒரு ஆள் கிடைக்க மாட்டேங்குது, பிடிபட்டவன் பக்கம் பாத்தா பத்து பேரு நிக்கிறான். கோயில் கமிட்டியில இருக்குற அண்ணன்மாருங்க மலாய் நல்லா பேசுற ஒரு தம்பியயோ தங்கச்சியயோ கூட அனுப்புங்க, அது பெரிய உதவி.

கடைசியா ரெண்டு விஷயம், நெறைய பேருக்கு தெரியாது. தண்டனை சொல்றதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ கேட்டுக்கிட்டா, நடந்தது எங்கள எப்படி பாதிச்சதுன்னு கோர்ட்டுல சொல்ல விட்டாகணும், செக்ஷன் 183ஏ. வர முடியலன்னா எழுதிக் குடுக்கலாம், ஏத்துக்கறது கோர்ட் முடிவு. பெரிய வார்த்தை வேண்டாம், விடியக்காலையில செம்பனை காட்டுக்கு தனியா போக பயமா இருக்கு, தோள் தூக்க முடியல, வேலைக்கு போகாத நாளுக்கு இவ்வளவு வெள்ளி போச்சு, இப்படி உள்ளத சொல்லுங்க. இன்னொன்னு நஷ்டஈடு, செக்ஷன் 426. டிபிபி மனு போட்டா குற்றவாளி இவ்வளவு கட்டணும்னு கோர்ட் உத்தரவு போடும், ஆனா அவரு மனு போட உங்க கிளினிக் பில்லு, கிராப் (வாடகை கார்) ரசீது, சம்பளச் சீட்டு எல்லாம் அவரு கையில இருக்கணும். சில கேஸுல முதல் நாளே அவன் குத்தத்த ஒத்துக்கிட்டு தண்டனையும் முடிஞ்சிடும், உங்களுக்கு சேதியே வராது. அதனால ஆள் பிடிபட்டான்னு தெரிஞ்ச உடனே 183ஏ, 426 ரெண்டும் வேணும்னு ஒரே லெட்டர்ல எழுதி, ரசீது காப்பியோட ஐஓகிட்ட ஒன்னு, டிபிபி ஆபிஸ்ல ஒன்னு குடுத்து, ரெண்டுலயும் சாப் வாங்கிடுங்க.