பல்கலைக்கழக நூலகத்தில் வெளிநாட்டுச் சேனல் பார்க்க

எந்தச் சேனல், எத்தனை மணிக்கு என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். ரிமோட்டோடு உட்கார்ந்து தேட ஆரம்பித்தால் டிவி பார்க்க நீங்கள் முன்பதிவு செய்த நேரத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

நிகழ்ச்சி நிரல் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரத்தில்) இருந்தால் உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஜிஎம்டியைவிட 9 மணி நேரம் முன்னால். பாரிஸும் பெர்லினும் குளிர்காலத்தில் 1, கோடையில் 2 மணி நேரம் முன்னால். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரம் மாறும். அந்த வாரம் பழைய நேரத்துக்குப் போய் ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

3.5 மி.மீ. பின் உள்ள வயர் ஹெட்போன் கொண்டுபோங்கள். எல்லா டிவியிலும் ப்ளூடூத் இருக்காது. ஜாக் பெரும்பாலும் டிவியின் பின்பக்கம் இருக்கும். செல்போன் இயர்போனின் வயர் அதுவரை எட்டாது, எனவே ஒரு நீட்டிப்பு வயரும் தேவை. ஒலியைக் குறைத்துவிட்டுச் செருகுங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டால் பின் முழுதாக உள்ளே போகாமல் இருக்கலாம். ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலித்தால் மெனுவில் ஒலி வெளியீட்டை ஹெட்போனுக்கு மாற்றுங்கள்.

நிகழ்ச்சி வேறு மொழியில் ஒலித்தால் ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்துங்கள். காட்சியை யாரோ விவரித்துக்கொண்டே இருந்தால், பார்வையற்றோருக்கான ஒலித்தடம் தேர்வாகியிருக்கிறது; அதே பட்டனில் மாற்றலாம்.

‘நோ சிக்னல்’ என்று வந்தால் முதலில் டிவியின் இன்புட்டைப் பாருங்கள். கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது டிவியின் கோளாறு அல்ல: செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் ‘கேயூ’ என்ற உயர் அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. மழை விட்டதும் சரியாகிவிடும். மார்ச், செப்டம்பர் வாக்கில் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போதும் சில நிமிடம் படம் போகும். எது நடந்தாலும் நீங்களாக ரீஸ்கேன் (சேனல்களை மறுபடி தேடவைப்பது) செய்யாதீர்கள். சேனல் வரிசை கலைந்தால் அடுத்து வருபவர்கள் எல்லோருக்கும் சிரமம், ஊழியரிடம் சொல்லுங்கள்.

மொழி கற்பவர்களுக்கு நாடகத்தைவிடச் செய்தியே நல்லது. பிரான்ஸ் 24, அல் ஜசீரா போன்ற சேனல்களில் தலைப்புச் செய்திகள் திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை வெறுமனே கேளுங்கள். அடுத்த தடவை புரியாத சொற்களைக் காதில் விழுந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சேனலான டிவி5மோந்தில் பல நிகழ்ச்சிகளுக்குப் பிரெஞ்சு சப்டைட்டில் உண்டு. கற்கும் மொழியிலேயே சப்டைட்டிலை வையுங்கள். தெரிந்த மொழியில் வைத்தால் கண் எழுத்தைப் படிக்கும், காது வேலை செய்யாது. ஜெர்மன் கற்பவர்கள், ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல தன் இணையதளத்தில் எழுத்து வடிவத்தோடு தரும் நிதானமாக வாசித்த செய்தியைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அன்றைய பெயர்கள் சட்டென்று பிடிபடும்.