மாமூல் விஷயத்தில் மனு எழுதுவது எப்படி?

கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவன் நான். போன வாரம் ஒரு டீக்கடைக்காரர் வந்தார். "மூணு நம்பர் லாட்டரி விக்கிறான், போலீசும் உடந்தை. எழுதிக் குடுங்கண்ணே" என்றார்.

அப்படி எழுதினால் மனு குப்பைக்குத்தான் போகும். கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் கட்டும் பந்தயம் இது; அந்தக் குலுக்கல் மதியம் 3 மணிக்கு. அதற்கு முன் எந்தக் கடையில், யார் நம்பர் எழுதுகிறார்கள்? கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு எடுத்தார்: நீல மையில் மூன்று இலக்கம், ஓரத்தில் ஒரு சுழி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. நகலை இணைத்தேன், அசல் அவரிடமே இருக்கட்டும் என்றேன்.

"உடந்தை" என்று நான் எழுதுவதே இல்லை. "இன்ன தேதி, இன்ன நேரம், இந்த நம்பர் பைக்கில் வந்தவர் கவர் வாங்கினார்." அதுதான் நிற்கும்.

அதே ஸ்டேஷனில் கொடுக்காதீர்கள். (சிரிக்காதீர்கள், கொடுத்தவர்கள் உண்டு.) லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கும் காவல் புகார் ஆணையத்துக்கு நகல் போதும். அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2006-ல். இங்கே 2013 காவல் சீர்திருத்தச் சட்டம் அந்த நாற்காலியில் உள்துறைச் செயலாளரை உட்காரவைத்தது.

உங்களிடமே கட்டாயப்படுத்திப் பணம் வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் புகார் கொடுங்கள். இல்லையென்றால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கொடுத்தவர் மேலும் வழக்கு பாயும். இன்னும் கொடுக்கவில்லையா? லஞ்ச ஒழிப்புத் துறைக்கு நேரில் போங்கள். நோட்டில் பவுடர் தடவித் தருவார்கள். வாங்கியவர் விரலைக் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும்.