கூறுகளாகப் பிரித்து வெக்டர்களைக் கூட்டுவது எப்படி?

ஒரு பொருளை 3 நியூட்டன் விசையும் 4 நியூட்டன் விசையும் சேர்ந்து இழுக்கின்றன. மொத்த விசை எவ்வளவு? இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் 7. எதிரெதிராக இழுத்தால் 1. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுத்தால் 5. வேறு கோணம் என்றால் 1-க்கும் 7-க்கும் இடையில் ஏதோ ஒரு எண். திசை தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது. விசை போல அளவோடு திசையும் கொண்டவைதான் வெக்டர்கள். வெக்டர் கூட்டலில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: எண்மதிப்புகளை மட்டும் எடுத்துக் கூட்டிவிடுகிறார்கள்.

அளவுகோலும் பாகைமானியும் வைத்துப் படம் வரைந்தும் விடை காணலாம். முக்கோண விதி, இணைகர விதி இரண்டும் அப்படிப்பட்டவைதான். நியூட்டன் 1687-இல் இயக்க விதிகளை வெளியிட்டபோது, விசைகளுக்கான இணைகர விதியைத்தான் அவற்றின் முதல் துணைத் தேற்றமாக வைத்தார். ஆனால் படத்தின் துல்லியம் பென்சில் முனையின் தடிமனோடு நின்றுவிடும். மூன்று நான்கு வெக்டர்கள் வந்தால் தாளும் போதாது, பொறுமையும் போதாது. கூறுகளாகப் பிரிக்கும் முறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு வெக்டரோ இருபது வெக்டரோ, வேலை ஒன்றுதான்.

கூறு என்றால் என்ன?

ஒரு வெக்டரை அம்புக்குறியாக வரையுங்கள். அதன் வால் ஆதிப்புள்ளியில் இருக்கட்டும். மேலே இருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் அந்த அம்பின் நிழல் எக்ஸ் அச்சில் விழும். அந்த நிழலின் நீளம்தான் எக்ஸ் கூறு. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒய் அச்சில் விழும் நிழல் ஒய் கூறு. நிழல் வலப்பக்கமோ மேல்பக்கமோ விழுந்தால் கூட்டல் குறி, இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ விழுந்தால் கழித்தல் குறி.

இந்த முறையின் உயிர் அந்தக் குறியில்தான் இருக்கிறது. திசை என்ற தகவல் முழுவதும் இரண்டு எண்களுக்குள்ளும் அவற்றின் குறிகளுக்குள்ளும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பள்ளியில் படித்த சாதாரணக் கூட்டல் போதும்.

முதல் படி: அச்சுகளையும் கோணத்தையும் முடிவு செய்யுங்கள்

இரண்டு விசைகளை எடுத்துக்கொள்வோம். முதல் விசை 50 நியூட்டன், 30° திசையில். இரண்டாவது விசை 40 நியூட்டன், 135° திசையில். கோணங்கள் எல்லாம் எக்ஸ் அச்சின் வலப்பக்கத்திலிருந்து இடஞ்சுழியாக அளந்தவை.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு சின்னப் படம் போட்டுவிடுங்கள். அளவெல்லாம் சரியாக இருக்க வேண்டாம். முதல் அம்பு வலப்பக்கம் மேலே, இரண்டாவது இடப்பக்கம் மேலே. அப்படியானால் மேல்நோக்கிய கூறுகள் இரண்டும் சேர்ந்து பெரிதாகும், பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று குறைக்கும். விடை எந்தப் பக்கம் வரப்போகிறது என்பது கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இந்த அரை நிமிட வேலையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றையும் பிரியுங்கள்

அம்பையே கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தைப் பாருங்கள். கோணத்தை ஒட்டிய பக்கம் எக்ஸ் கூறு, கோணத்துக்கு எதிர்ப்பக்கம் ஒய் கூறு. ஆகவே:

எக்ஸ் கூறு = எண்மதிப்பு × காஸ் (கோணம்)
ஒய் கூறு = எண்மதிப்பு × சைன் (கோணம்)

முதல் விசை:
எக்ஸ் கூறு = 50 × காஸ் 30° = 43.30
ஒய் கூறு = 50 × சைன் 30° = 25.00

இரண்டாவது விசை:
எக்ஸ் கூறு = 40 × காஸ் 135° = −28.28
ஒய் கூறு = 40 × சைன் 135° = 28.28

இரண்டாவது விசையின் எக்ஸ் கூறுக்குக் கழித்தல் குறி தானாகவே வந்ததைக் கவனித்தீர்களா? கோணத்தை எப்போதும் வலப்பக்க எக்ஸ் அச்சிலிருந்து அளந்தால் குறியை காஸும் சைனும் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, இடப்பக்க அச்சோடு 45° என்று எடுத்தால் கால்குலேட்டர் கூட்டல் குறியோடுதான் 28.28 தரும். கழித்தல் குறியை நீங்கள்தான் போட வேண்டும். இரண்டு வழியும் சரி. ஒரே கணக்கில் இரண்டையும் கலக்கும்போதுதான் விடை கெடும்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. கேள்வியில் 'செங்குத்துக் கோட்டோடு 20°' என்று கோணத்தை ஒய் அச்சிலிருந்து கொடுத்திருப்பார்கள். அப்போது கோணத்தை ஒட்டிய பக்கம் ஒய் கூறாகிவிடும், காஸும் சைனும் இடம் மாறும். 'எக்ஸ் என்றால் காஸ்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். 'கோணத்தை ஒட்டிய பக்கத்துக்குக் காஸ்' என்று நினைவில் வையுங்கள், எந்தக் கேள்விக்கும் பொருந்தும்.

அப்புறம் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். −0.988 என்று வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

மூன்றாம் படி: கூட்டுங்கள்

எக்ஸ் கூறுகளைத் தனியாக, ஒய் கூறுகளைத் தனியாக.

மொத்த எக்ஸ் = 43.30 − 28.28 = 15.02
மொத்த ஒய் = 25.00 + 28.28 = 53.28

அவ்வளவுதான். படம் சொன்னபடியே பக்கவாட்டில் சிறிய எண், மேல்நோக்கிப் பெரிய எண். இப்படித் தனித்தனியாகக் கூட்டுவது ஏன் சரி என்று கேட்கலாம். முதல் அம்பின் தலையில் இரண்டாவது அம்பின் வாலை வைத்து வரைந்து பாருங்கள். வலப்பக்கம் 43.30 போய், பிறகு இடப்பக்கம் 28.28 திரும்பினால், பக்கவாட்டில் நகர்ந்தது 15.02. மேலே எவ்வளவு ஏறினோம் என்பது இந்தக் கணக்கில் தலையிடுவதே இல்லை. அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால்தான் இது நடக்கிறது.

நான்காம் படி: எண்மதிப்பும் திசையும்

எண்மதிப்புக்குப் பிதாகரஸ் தேற்றம். 15.02-இன் வர்க்கத்தையும் 53.28-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 55.4 நியூட்டன். திசைக்கு ஒய்யை எக்ஸால் வகுக்க வேண்டும்: 53.28 ÷ 15.02 = 3.547. இதற்கு டேன் இன்வர்ஸ் எடுத்தால் 74.3°. ஆகவே தொகுபயன் விசை 55.4 நியூட்டன், 74.3° திசையில். 50-ம் 40-ம் சேர்ந்தால் விடை 10-க்கும் 90-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். இருக்கிறது, சரி.

திசையில் ஏமாறும் இடம்

இப்போது மூன்றாவது விசை ஒன்றைச் சேர்ப்போம்: 60 நியூட்டன், 200° திசையில். அதன் எக்ஸ் கூறு −56.38, ஒய் கூறு −20.52. முன்பு கிடைத்த மொத்தத்தோடு கூட்டினால்:

மொத்த எக்ஸ் = 15.02 − 56.38 = −41.36
மொத்த ஒய் = 53.28 − 20.52 = 32.76

எண்மதிப்பு 52.8 நியூட்டன். 32.76-ஐ −41.36-ஆல் வகுத்து டேன் இன்வர்ஸ் எடுத்தால் கால்குலேட்டர் −38.4° என்று காட்டும். அதை அப்படியே எழுதினால் தவறு. −38.4° என்பது வலப்பக்கம் கீழே. நம் கூறுகளோ இடப்பக்கம், மேலே என்கின்றன. விடை நேர் எதிர்த்திசையில் வந்து நிற்கிறது.

காரணம் எளிது. வகுக்கும்போது எந்த எண்ணுக்குக் கழித்தல் குறி இருந்தது என்ற தகவல் தொலைந்துவிடுகிறது. 32.76-ஐ −41.36-ஆல் வகுத்தாலும் −32.76-ஐ 41.36-ஆல் வகுத்தாலும் ஈவு ஒன்றுதான். கால்குலேட்டருக்கு வித்தியாசம் தெரியாது, அது எப்போதும் −90°-க்கும் 90°-க்கும் இடையில்தான் விடை தரும். எக்ஸ் கூறு கழித்தல் குறியோடு இருந்தால் நீங்கள் 180° கூட்ட வேண்டும். −38.4 + 180 = 141.6°. இதுதான் சரியான திசை. விடை வந்ததும் கூறுகளின் குறியைப் பார்த்து எந்தக் கால்பகுதி என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னும் சில

கழித்தல் என்றால் கழிக்க வேண்டிய வெக்டரின் இரு கூறுகளின் குறியையும் மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். முப்பரிமாணம் என்றால் இசட் கூறு ஒன்று கூடும், பிதாகரஸில் மூன்றாவது வர்க்கம் சேரும். அச்சுகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சாய்தளக் கணக்குகளில் எக்ஸ் அச்சைத் தளத்தோடு சாய்த்து வைத்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

நீங்களே செய்து பார்க்க இரண்டு கணக்குகள். முதலாவது: 20 மீட்டர் 60° திசையில், பிறகு 20 மீட்டர் 300° திசையில் நகர்ந்தால் மொத்த இடப்பெயர்ச்சி என்ன? ஒய் கூறுகள் 17.32, −17.32 என்று அடிபட்டுப் போகும். எக்ஸ் கூறுகள் 10, 10. விடை 20 மீட்டர், 0° திசையில்.

இரண்டாவது: மேலே பார்த்த மூன்று விசைகளையும் சமன் செய்ய நான்காவதாக எந்த விசை வேண்டும்? மொத்தக் கூறுகள் பூஜ்ஜியமாக வேண்டும், எனவே நான்காவது விசையின் கூறுகள் 41.36, −32.76. எண்மதிப்பு அதே 52.8 நியூட்டன். எக்ஸ் கூறுக்குக் கூட்டல் குறி என்பதால் இந்த முறை கால்குலேட்டர் காட்டும் −38.4° தான் சரியான விடை.